பிங் போகுது, தேடினா பிரின்டர் கிடைக்கல!

கேள்வி: சார், வீட்ல ரெண்டு ரவுட்டர். கீழ இருக்கிற ரவுட்டர்ல பிரின்டர், அதோட ஐபி 192.168.1.50. மாடிக்கு சிக்னல் வரலன்னு கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வச்சேன், லேப்டாப் அதுலதான் இருக்கு, 192.168.0-ல ஐபி வாங்குது. பிரின்டரை பிங் பண்ணா (இருக்கியான்னு கேட்டுப் பாக்கற சின்ன சோதனை) பதில் வருது, ஆனா பிரின்டரோட சாப்ட்வேர்ல தேடினா கிடைக்கவே மாட்டேங்குது. அது பிராட்காஸ்ட் (நெட்வொர்க்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல போற செய்தி) அனுப்பித்தான் தேடும்னு சொல்றாங்க. அந்த பிராட்காஸ்டை ரவுட்டர் வழியா அந்தப் பக்கம் அனுப்ப முடியுமா?

பதில்: பிங் வருதுன்னா பாதி வேலை முடிஞ்சுதுங்க. பிராட்காஸ்ட் தேவைப்படறது பிரின்டரை கண்டுபிடிக்க மட்டும்தான், பிரின்ட் பண்றதுக்கு இல்ல. "பிரின்டர் யாராவது இருக்கீங்களா"ன்னு சாப்ட்வேர் 255.255.255.255-க்கு ஒரு பாக்கெட் விடும், இல்ல 224.0.0.251-ங்கிற மல்டிகாஸ்ட் (அதுல சேர்ந்திருக்கிற கருவிகளுக்கு மட்டும் போற) முகவரியில கேக்கும், இந்த ரெண்டையுமே ரவுட்டர் தாண்ட விடாது, விடக்கூடாதுன்னுதான் விதியே. ஆனா பிரின்ட் போறது நேரா 192.168.1.50-க்கு, பெரும்பாலும் டிசிபி 9100 போர்ட்ல, அதை ரவுட்டர் தாராளமா விடும்.

அதனால தேடவே விடாதீங்க, முகவரியை நீங்களே சொல்லிடுங்க. விண்டோஸ்ல பிரின்டர் சேர்க்கிற இடத்துல தேடல் ஓடி முடிஞ்சதும் மேனுவலா சேர்க்கிற ஆப்ஷன் வரும், அதுல டிசிபி/ஐபி முகவரின்னு இருக்கிறதை எடுத்து 192.168.1.50 போட்டு டிரைவரை தேர்ந்தெடுத்தா போதும். அதுக்கு முன்னாடி கீழ் ரவுட்டர்ல டிஎச்சிபி (ரவுட்டர் தானா ஐபி கொடுக்கிற வசதி) ரிசர்வேஷன் போட்டு அந்த ஐபியை பிரின்டருக்கே நிரந்தரமா ஒதுக்கிடுங்க, இதை விட்டுட்டா என்னைக்காவது கரண்ட் போய் வந்ததும் ஐபி மாறி, நேத்து வரைக்கும் ஓடுச்சேன்னு மண்டையைப் பிச்சுக்கணும்.

பிரின்டர் இருக்கிற நெட்வொர்க்ல எல்லாருக்கும் பொதுவான 192.168.1.255-க்கு அனுப்பினா போகாதான்னு சிலர் கேப்பாங்க. ஒரு காலத்துல போச்சு. அனுப்பறவர் முகவரியை பொய்யா போட்டு அந்தப் பொது முகவரிக்கு பிங் அனுப்பி, மொத்த நெட்வொர்க்கும் ஒரே ஆள் மேல பதில் கொட்டற மாதிரி ஸ்மர்ஃப் தாக்குதல் நடந்ததால, 1999-ல ஆர்எஃப்சி 2644-ங்கிற இணைய விதி ஆவணம் வந்து ரவுட்டர்கள்ல அதை டீஃபால்ட்டா நிறுத்தி வைக்கச் சொல்லிடுச்சு. லேப்டாப்ல சப்நெட் மாஸ்க்கை (எந்த முகவரியெல்லாம் தன் நெட்வொர்க்னு முடிவு பண்ற எண்) 255.255.0.0-ன்னு மாத்துங்கன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு செய்யாதீங்க, அப்புறம் பிரின்டர் பக்கத்துலயே இருக்குன்னு நினைச்சு லேப்டாப் ரவுட்டர்கிட்ட கொடுக்காம ஏஆர்பி (இந்த ஐபி யாருதுன்னு கேக்கற செய்தி) அனுப்பி தேடும், அதுவும் பிராட்காஸ்ட்தான், இப்ப வர்ற பிங்கும் நின்னு போயிடும்.

ஸ்கேன் சாப்ட்வேர் மட்டும் ஐபி கேக்காம தேடியே தீருவேன்னு அடம்பிடிக்கலாம். அதுக்கு என் யோசனை, மாடியில ரவுட்டர் வேலையே வேண்டாம், அதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காம சிக்னல் மட்டும் கொடுக்கிறது) மாத்திடுங்க. அந்த ஆப்ஷன் இல்லன்னா முதல்ல அதோட சொந்த ஐபியை 192.168.1.2 மாதிரி யாருக்கும் போகாத ஒண்ணா மாத்தி, டிஎச்சிபியை ஆஃப் பண்ணி, கீழ இருந்து வர்ற கேபிளை வான் போர்ட்ல (இன்டர்நெட் கேபிள் குத்தற இடம்) இருந்து பிடுங்கி லேன் போர்ட்ல குத்துங்க. வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆயிடும், பிராட்காஸ்டும் தானா போகும். வீட்டுக்கு இதுதான் சரி, ரெண்டு ரவுட்டரும் தனித்தனியா ஐபியை மாத்தி அனுப்பற வேலை (நாட்) எதுக்கு?

நெட்வொர்க்கை பிரிச்சே வைக்கணும்னு கட்டாயம் இருக்கிற ஆபீஸ்ல மட்டும் ரிலே (செய்தியை வாங்கி அந்தப் பக்கம் கடத்தறது) பக்கம் போகலாம். சிஸ்கோ ரவுட்டர்ல ஐபி ஹெல்பர் அட்ரஸ்னு ஒரு கட்டளை இருக்கு, குறிப்பிட்ட யுடிபி போர்ட்ல வர்ற பிராட்காஸ்டை நாம சொல்ற முகவரிக்கு மாத்தி அனுப்பும். 224.0.0.251-ல நடக்கிற தேடலுக்கு அது உதவாது, அதுக்கு லினக்ஸ்ல அவாஹிங்கிற சாப்ட்வேரோட ரிஃப்ளெக்டரை (ஒரு நெட்வொர்க்ல நடக்கிற தேடலை இன்னொண்ணுல திருப்பிச் சொல்றது) ஆன் பண்ணணும், ஃபயர்வால்ல அந்தத் தேடல் ஓடற யுடிபி 5353-ஐயும் திறந்து விடணும்.