பத்மநாபபுரம் கொட்டாரம் (அரண்மனை): வாசகர் கேள்வி – பதில்

மூட்டுவலி உள்ள அம்மாவுடன் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போக நினைக்கிறோம். எந்த நாள், எந்த நேரம் தோது?
– வாசகி, கொல்லங்கோடு

திங்கட்கிழமை விடுமுறை, அன்று வேண்டாம். மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். மதியம் ஓர் இடைவேளை உண்டு. அதற்குச் சற்று முன்னால் நுழைந்தால் பாதியை ஓட்டமாகத்தான் பார்க்க முடியும். நிதானமாகப் பார்க்க 2 மணி நேரமாவது வேண்டும். நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் தக்கலையில் இறங்கினால் அங்கிருந்து 2 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். கேமராவுக்குத் தனிச் சீட்டு.

அம்மாவுக்குச் சிரமம் படிகளில்தான். பூமுகம் (முகப்பு மண்டபம்) தாண்டியதுமே மந்திரசாலைக்கு (மேல்தள ஆலோசனை மண்டபம்) ஏறும் மரப்படி குறுகலானது, செங்குத்தானது. பாதை ஒருவழி என்பதால் நடுவில் திரும்பி வருவது கஷ்டம். ஆகவே ஏறுவதற்கு முன்பே ஊழியர்களிடம் சொல்லி, கீழ்த்தளத்தில் மட்டும் சுற்றிப்பார்க்க வழி கேளுங்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். காலுறையும் வேண்டாம்: சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளை சேர்த்து மெருகேற்றிய கருந்தரையில் அது வழுக்கும். வெறுங்கால்தான் பிடிமானம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். அறைகள் தவிர வெளியே என்ன காட்டலாம்?
– ஆசிரியர், மார்த்தாண்டம்

நல்ல கேள்வி. கட்டிலையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு வெளியேறுகிறவர்கள் முற்றங்களைக் கவனிப்பதில்லை. இந்தக் கொட்டாரத்தின் அறிவெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றம். நான்கு பக்க ஓட்டுக்கூரையும் உள்நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவுகளில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து வெளியே வடியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் ஊர் இது. மரவேலை இத்தனை காலம் நிற்க வேண்டுமானால் தண்ணீர் எங்கும் தங்கக்கூடாது. இறவாரம் நீண்டு தாழ்ந்திருப்பது சாரல் சுவரில் படாமல் இருக்க. ஒரு சொட்டு மழை ஓட்டிலிருந்து வெளியே போகும் வழியைப் பிள்ளைகளையே படம் வரையச் சொல்லுங்கள். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும்ப, மரச்சட்டங்களுக்கிடையே வெளிக்காற்று உள்ளே வரும். நடுப்பகலில் முற்றத்திலும் உள்ளறையிலும் மாறி மாறி நின்றால் வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். பக்கத்தில் ஏகாந்த மண்டபத்தின் சக்கைத்தடி (பலாமர)த் தூணையும் விடாதீர்கள். செதுக்கு வேலையின் உச்சம் அது.

அடுத்தது ஊட்டுப்புரை, அதாவது உணவுக்கூடம். இரண்டு மாடி, மாடிக்கு 1000 பேர் உட்கார்ந்து சாப்பிடும் நீளம். ஊறுகாய்ப் பரணிகளின் (ஜாடிகளின்) அளவைப் பார்த்தாலே சமையலின் அளவு புரியும். பிறகு கல்படிக் குளம். படிகளில் பாசி இருக்கும், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். முற்றத்தில் பீடத்தின்மேல் உருண்டைக் கல் ஒன்று உண்டு. படையில் சேர வந்தவர்கள் அதைத் தலைக்கு மேல் பலமுறை தூக்கிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள், நேரம் ஒதுக்கி வையுங்கள்.

கொட்டாரம் சுமார் 6.5 ஏக்கர். அதைச் சுற்றிய கோட்டையோ சுமார் 185 ஏக்கர். உள்ளே தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன. அருகிலுள்ள ராமசாமி கோயிலில் ராமாயணக் கதை மரப்பலகைகளில் செதுக்கப்பட்டிருக்கிறது. நவராத்திரிக்கு முன் போனால் இன்னும் விசேஷம். சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் மூவரும் ஊர்வலமாக இங்கிருந்துதான் திருவனந்தபுரம் புறப்படுகிறார்கள். அன்று கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இருக்கும் அரண்மனையைக் கேரள அரசு பராமரிப்பது ஏன்?
– வாசகர், பாறசாலை

இன்றைய தென் கேரளமும் கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம் 1795 வரை இதுதான். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது.

அதே நாளில் உதயகிரிக் கோட்டையும் பார்க்க முடியுமா?
– வாசகி, களியக்காவிளை

தாராளமாக. புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. காலையில் கொட்டாரம், வெயில் தாழ்ந்ததும் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வனத்துறைப் பூங்காவில் மரநிழல் உண்டு, மான்கள் உண்டு. கூரையில்லாத சிறு தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போருக்குப் பின் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியில் சேர்ந்து படையைச் சீரமைத்த டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி அவர், 1777-இல் காலமானார். லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளைப் படிக்கச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும், பிற்பகல் அதற்கும் ஏற்றது. மழை பெய்த மறுநாள் என்றால் மதில் மேல் ஏற வேண்டாம், கல் வழுக்கும்.