சார்லி வாட்ஸ் கையைத் தூக்குற இடம்

அன்புள்ள அண்ணா,

ட்ரம்ஸ் கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆகுது. நீங்க லெட் செப்பலின் ட்ரம்மர் ஜான் பான்ஹம் பத்தி எழுதினப்ப, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் பேண்டோட ட்ரம்மர் சார்லி வாட்ஸையும் அதே வரிசையில வெச்சுப் பேசியிருந்தீங்க. அவர் வாசிச்சதை ஒரு வாரமா கேட்டேன், எனக்கு ஒண்ணும் பிடிபடல. மொத்தமே நாலு ட்ரம், சோலோ கிடையாது, பீட்டுக்கு நடுவுல போடற ஃபில்லும் சின்னச்சின்னதா இருக்கு. இதை நானே வாசிச்சிருவேன். பேண்ட் பெருசானதால அவருக்கும் பேர் வந்துருச்சோன்னு தோணுது. அப்புறம், பேஸ் ட்ரம்மை ரெண்டு காலாலயும் அடிக்கறதுக்கு டபுள் பெடல் வாங்கலாம்னு இருக்கேன். வாங்கலாமா?

ஒரு வாசகர், ஈரோடு

தம்பி,

கிட் சின்னதுங்கறது உண்மைதான். 1957ல க்ரெட்ச் கம்பெனி செஞ்ச ட்ரம் கிட் அது. காலால அடிக்கற பேஸ் ட்ரம், பளிச்சுனு கேட்கற ஸ்நேர் ட்ரம், ரெண்டு டாம் ட்ரம், கொஞ்சம் சிம்பல், அவ்வளவுதான். ஐம்பதாயிரம் பேர் உட்கார்ற ஸ்டேடியத்துலயும் அதையே வெச்சு வாசிச்சாரு.

நீங்க ஒரு வாரம் காதால கேட்டீங்க, இனிமே கண்ணால பாருங்க. எழுபதுகளுக்கு அப்புறம் வந்த லைவ் வீடியோ ஏதாவது ஒண்ணை எடுத்து அவரோட வலது கையை மட்டும் பாருங்க. சாதாரண ராக் பீட்ல ஒரு பாருக்கு, அதாவது நாலு எண்ணிக்கைக்கு, வலது கை ஹை-ஹேட்ல (ஒண்ணுமேல ஒண்ணு இருக்கற ஜோடி சிம்பல்) எட்டு தட்டு தட்டிட்டே போகும், இடது கை ரெண்டாவது, நாலாவது எண்ணிக்கைல ஸ்நேர் அடிக்கும், உங்களுக்கும் முதல் மாசத்துலயே இதைத்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க. சார்லி, ஸ்நேர் விழற அந்த ரெண்டு இடத்துலயும் வலது கையைத் தூக்கிடுவாரு. ஹை-ஹேட்டைத் தொடவே மாட்டாரு. எட்டு ஆறாயிடும். ஸ்நேர் விழும்போது கூட வேற எந்தச் சத்தமும் இல்லாததால அந்த அடி தனியா, பளிச்சுனு கேட்கும், ஒவ்வொரு பாருக்கும் ரெண்டு தடவை பாட்டு மூச்சு விட்டுக்கற மாதிரி இருக்கும். கையை வழியிலேருந்து எடுத்துட்டா ஸ்நேரை நல்லா அடிக்க முடியும்னுதான் செஞ்சிருப்பேன்னு அவரே பின்னாடி சொன்னாரு, ரொம்ப நாள் அதைக் கவனிச்சதே இல்லையாம்.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு புரியணும்னா ஆளோட வாழ்க்கையைக் கொஞ்சம் பாக்கணும். 1941 ஜூன் 2 லண்டன்ல பொறந்தாரு, அப்பா ரயில்வே கம்பெனிக்கு லாரி ஓட்டினவரு. 14 வயசு வாக்குல ஒரு பான்ஜோ கிடைச்சிருக்கு, அதுல விரல் வெக்கறது பிடிக்கல, கழுத்தைக் கழட்டிப் போட்டுட்டு வட்டமா இருந்த பாகத்தை மட்டும் ஸ்டாண்டுல வெச்சு ப்ரஷ்ஷால வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஏன் ப்ரஷ்னா, சிக்கோ ஹாமில்டன்ங்கற ஜாஸ் ட்ரம்மர் ப்ரஷ்ல வாசிச்சதைக் கேட்டு மயங்கிக் கிடந்த பையன் அது. ஜாஸ்தான் அவருக்கு உசுரு, கடைசி வரைக்கும். ஹாரோவுல ஆர்ட் ஸ்கூல் படிச்சு விளம்பரக் கம்பெனில டிசைனரா இருந்துட்டே அலெக்சிஸ் கார்னரோட ப்ளூஸ் பேண்ட்ல வாசிச்சாரு, 1963 ஜனவரில ஸ்டோன்ஸ்ல சேர்ந்தாரு. ப்ளூஸ் அவருக்கு அவ்வளவா தெரியாது, ஸ்டோன்ஸோட கிட்டாரிஸ்ட் ப்ரையன் ஜோன்ஸும் கீத் ரிச்சர்ட்ஸும் ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீட் ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க வெச்சாங்க. அதுல ட்ரம்ஸ் வாசிச்சது ஏர்ல் பிலிப்ஸ்னு ஒருத்தர், அவரையும் தேடிக் கேளுங்க. அடக்கி வாசிக்கறதுன்னா என்னன்னு அங்க தெரியும்.

பெரும்பாலான பேண்ட்ல எல்லாரும் ட்ரம்மரைப் பிடிச்சுட்டுப் போவாங்க. ஸ்டோன்ஸ்ல சார்லி கீத்தோட கிட்டாரைப் பிடிச்சுட்டுப் போவாருன்னு அவங்க பேஸ் கிட்டாரிஸ்ட் பில் வைமன் சொல்லியிருக்காரு. அதனால கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவுல ஒரு இம்மி இடைவெளி விழும், பாட்டு லேசா தள்ளாடும், ஆனா விழாது. தாளத்தைச் சீரா தட்டிக் காட்டற மெட்ரோனோம் போட்டுப் பார்த்தா தப்புன்னு காட்டும், கேட்டா உடம்பு தானா ஆடும். எனக்கு உலகத்துலயே பிடிச்ச சத்தங்கள்ல அது ஒண்ணு.

கருவி பத்தியும் சொல்லணும். 1968ல வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டோட அடித்தளத்துக்கு அவர் வாசிச்சது ஒரு பொம்மை சைஸ் கிட். 1930கள்ல வந்த ப்ராக்டிஸ் செட், பழைய பொருள் கடையில வாங்கினது, மடிச்சா சின்ன சூட்கேஸ்ல அடங்கிடும். அதையும் கீத்தோட அக்கூஸ்டிக் கிட்டாரையும் ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர்ல பதிவு பண்ணாங்க, சத்தம் தாங்காம அது பிசிறடிச்சுச்சு, அந்தப் பிசிறுதான் பாட்டுக்கே ஒரு வெறியைக் குடுத்துச்சு. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.

அதே வருஷக் கடைசில 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்' ரெக்கார்டிங். புரொட்யூசர் ஜிம்மி மில்லர் இப்படி வாசிச்சா நல்லாருக்கும்னு காட்டினாரு, சார்லிக்கு அது கைக்கு வரல. சரி நீங்களே வாசிங்கன்னு ஸ்டூலை விட்டு எந்திரிச்சுட்டாரு. ரெக்கார்டுல இருக்கறது மில்லர் வாசிச்சது. அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் மேடையில அந்தப் பாட்டை வாசிச்சாரு, மில்லர்கிட்ட இருந்து நிறைய கத்துக்கிட்டேன்னு வெளிப்படையாவே சொன்னாரு. உலகமே கொண்டாடுற பேண்டோட ட்ரம்மர், பாட்டுக்கு இதுதான் சரின்னு தெரிஞ்சதும் எடத்தைக் குடுத்துட்டாரு பாருங்க. நான் அவரை பான்ஹம் பக்கத்துல வெக்கறதுக்கு இந்த ஒண்ணு போதும்.

அவரை சாமியாரா நினைச்சுக்காதீங்க. எண்பதுகளோட நடுவுல 40 வயசு தாண்டினப்புறம் ஹெராயின், குடின்னு மோசமா போனாரு. வீட்டு பாதாள அறைக்கு ஒயின் எடுக்கப் போய் விழுந்து கணுக்கால் உடைஞ்சதுதான் அவரை உலுக்குச்சு, ஒரேயடியா நிறுத்தினாரு. 1964ல கட்டிக்கிட்ட ஷெர்லிதான் கடைசி வரைக்கும் மனைவி. டூர் போறது பிடிக்காது, தங்குற ஹோட்டல்ல படுக்கிற கட்டிலை ஒவ்வொரு ஊர்லயும் வரைஞ்சு வெச்சாரு. 2004ல தொண்டைல கேன்சர், அதுலயும் மீண்டு வந்து வாசிச்சாரு. 2021 ஆகஸ்ட் 24 இறந்தப்ப வயசு 80. அதுக்கப்புறம் ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கறாரு, அருமையான ட்ரம்மர், ஆனா அந்தத் தள்ளாட்டம் போயிருச்சு. பேண்ட் அதே பேண்ட்தான், அதனால பேர் எதனால வந்துச்சுன்னு நீங்களே கேட்டுப் பாத்துக்கலாம்.

டபுள் பெடல் விஷயம். மெட்டல் வாசிக்கணும்னா தாராளமா வாங்குங்க, அது வேணும். இப்ப வாசிக்கற பாட்டுகளுக்குத்தான்னா ஆறு மாசம் பொறுங்க. அதுவரைக்கும் தினமும் பத்து நிமிஷம், ஃபில் எதுவும் போடாம, ஸ்நேர் விழறப்ப ஹை-ஹேட்லேருந்து கையைத் தூக்கி ஒரே பீட்டை மெதுவா வாசிங்க. முதல்ல வலது கை பழக்க தோஷத்துல தானா வந்து தட்டும், ஸ்பீடும் ஏறிட்டே போகும். ஃபோன்ல பதிவு பண்ணிக் கேட்டுட்டே வாங்க, எந்த எடத்துல அவசரப்படறோம்னு தெரிஞ்சுடும்.