பக்கத்து வீட்டு அக்காவின் பால் கொடுக்கலாமா?

தங்கச்சி, குறைமாதப் பிள்ளைக்கு உங்கள் பால் போதவில்லை, பக்கத்து வீட்டு அக்கா தரத் தயார், மாமியோ "வேறு குடிப் பாலைக் குடித்தால் பிள்ளை உன்னோடு ஒட்டாது" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. அது பெற்ற வயிற்றைப் பார்க்கும், குடித்த பாலை அல்ல. இதை மாமிக்குத் தெரியாதா என்ன! முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிப் பக்கம் கதை வேறு. இஸ்லாத்தில் 2 வயதுக்குள் பாலூட்டியவர் பால்குடித் தாய் ஆகலாம், அவருடைய பிள்ளைகளோடு பிற்காலத்தில் கலியாணம் கூடாது. அந்த அக்கா முஸ்லிம் என்றால் அவர் வீட்டிலும் பேசிக்கொள்ளுங்கள். அங்கேயும் பெற்றவள் தாயாகவே இருக்கிறாள், இன்னொரு தாய் கூடுகிறாள், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வேறு. எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் தொற்றும், சில மருந்துகளும் பாலில் கலக்கும். பால் வங்கிகளில் கொடுப்பவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்துத்தான் கொடுப்பார்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சுவது அதற்கு ஈடாகாது. குறைமாதப் பிள்ளை வேறு. வைத்தியரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் பாலைக் கைவிட வேண்டாம். இரவும் சேர்த்து நாளுக்கு 8 தடவையாவது பிழிந்தெடுங்கள். பிள்ளையை வெறும் நெஞ்சில் தோல்படக் கிடத்தினால் சுரப்பு கூடும். கையால் எடுக்கும் முறையை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், நேரில் செய்து காட்டுவார்.