தெளிப்பு மருந்து, பிராய்லர் கோழி, ஜிம் ஊசி: கருவளம் குறித்து வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், சுற்றுப்புறத்திலிருந்தும் ஹார்மோன் மருந்துகளிலிருந்தும் உடலுக்குள் சேர்பவை கருவளத்தையும் கர்ப்பத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பொருளானாலும், எவ்வளவு, எந்த வழியாக, எந்தப் பருவத்தில் உள்ளே போனது என்று பார்க்காமல் கெடுதல் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லிவிட முடியாது என்பதால், சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி பயிரிடுகிறேன். வயது 33. மணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 90 லட்சம் அணுக்கள் என்று வந்திருக்கிறது. பள்ளியை விட்ட நாளிலிருந்து தோட்டத்துக்கு நானேதான் மருந்து அடிக்கிறேன். அதுதான் காரணமா?

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் ஒரே ஒரு அறிக்கையை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்பதைக் கீழ்வரம்பாகக் கொள்கிறது. முயற்சி தொடங்கிய ஓராண்டுக்குள் தந்தையானவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே இருந்தது என்பதுதான் அந்த வரம்பின் பொருள். ஆகவே 90 லட்சம் என்பது வாய்ப்பு குறைந்திருப்பதைக் காட்டுகிறதே தவிர, வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. தவிர, ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்களும், முதிர்ந்து வெளியேறும் பாதையைக் கடக்க மேலும் சில நாட்களும் ஆகின்றன. இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் அறிக்கை, சுமார் மூன்று மாதங்களாக உங்கள் உடல் இருந்த நிலையைச் சொல்கிறது. அந்த இடைவெளியில் டெங்கு போன்ற கடுங்காய்ச்சல் வந்திருந்தாலும் எண்ணிக்கை சரிந்திருக்கும்.

பூச்சிக்கொல்லியும், வேரைத் தாக்கும் நுண்புழுக்களை அழிக்கும் நூற்புழுக்கொல்லியும் விந்தணுவைப் பாதிக்கும் என்பதற்கு மறுக்க முடியாத சான்று 1977இல் கிடைத்தது. டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியா தொழிற்சாலை ஒன்றில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்காமலிருப்பதைத் தொழிலாளர்களே பேசிக் கண்டுகொண்டு பரிசோதனைக்குப் போனார்கள். பலருக்கு விந்தணு மிகக் குறைவாகவும் சிலருக்கு அறவே இல்லாமலும் இருந்தது. வேலையை விட்ட பிறகு சிலருக்கு மீண்டது, சிலருக்கு மீளவே இல்லை. நம் கடைகளில் இன்று விற்கும் ஆர்கனோபாஸ்பேட், பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. ஆனால் அவற்றை அதிகம் கையாள்வோரிடம் எண்ணிக்கையும் நகரும் வேகமும் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

பலரும் வாயில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தெளிப்பவரின் உடலுக்குள் மருந்து பெரும்பாலும் தோல் வழியாகவே போகிறது. முதுகில் மாட்டிய டேங்கின் மூடி சரியாகப் பொருந்தாமல் சொட்டிச் சட்டையின் பின்புறம் நனைந்திருக்கும். அந்தச் சட்டையோடே மதியம் வரை வேலை நடக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, கலக்காத மருந்தை வெறுங்கையால் ஊற்றிக் குச்சியால் கலக்குவது. அந்த ஒரு நிமிடத்தில் படுவது, நாள் முழுவதும் தெளிப்பதில் படுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும். கலக்கும்போது ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கசியாத மூடி, காற்றுக்கு முதுகு காட்டிய நடை, முடிந்தவுடன் சோப்புக் குளியல் ஆகியவற்றை இன்றே தொடங்குங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு ஊறவைக்க வேண்டாம்; கருத்தரிக்கக் காத்திருக்கும் உங்கள் மனைவி அதைத் துவைக்கவும் வேண்டாம்.

மூன்று மாதங்கள் கழித்து, இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவு கொள்ளாமலிருந்து, பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். அதற்குள் ஒரு மருத்துவர் உங்களை நேரில் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசீல் மிகச் சாதாரணமான காரணம், அதைச் சரிசெய்யவும் முடியும். பழியை மருந்தின் மேல் போட்டுவிட்டுப் பரிசோதனையை நிறுத்திவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் விபரீதம். மனைவிக்கான பரிசோதனைகளும் இதே நேரத்தில் நடக்கட்டும்.

கேள்வி: தளி அருகே ரோஜா பசுமைக்குடிலில் வேலை செய்கிறேன். இரண்டு மாதக் கர்ப்பம். வேலையைத் தொடரலாமா?

பதில்: தெளிக்கும் வேலையும், தெளித்த சற்று நேரத்தில் உள்ளே போகும் வேலையும் உங்களுக்குக் கூடாது. மூடிய குடிலில் மருந்து காற்றில் கலைந்து போவதில்லை. இலையிலும் தண்டிலும் படிந்தே இருக்கும். டென்மார்க்கில் கர்ப்பகாலத்தில் பசுமைக்குடில்களில் வேலை செய்த தாய்மார்களின் ஆண் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, விதை விதைப்பைக்குள் இறங்காமலிருப்பது மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆண் கருவின் பிறப்புறுப்புகள் ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை வடிவம் பெறுகின்றன என்பதால், நீங்கள் இப்போது இருப்பது மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். மேற்பார்வையாளரிடம் கர்ப்பத்தை மறைக்காமல் சொல்லி, குடிலுக்கு வெளியே வேலை கேளுங்கள். தரம் பிரித்துக் கட்டும் பிரிவு கிடைத்தாலும் பூவில் மருந்து ஒட்டியிருக்கும், ஆகவே கையுறை வேண்டும். கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. இதுவரை வேலை செய்துவிட்டோமே என்று கலங்க வேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பென்னாகரத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பது வயது முடிவதற்குள் என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோழியை நிறுத்திவிட்டோம். வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: கோழியை நிறுத்தியதால் நஷ்டமில்லை, லாபமும் இல்லை. பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடுவது பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துப்போகும், ஊசியாகப் போட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். பண்ணைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. கோழிப்பண்ணைகளில் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் பயன்பாடு. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் சேர்ப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. ஆனால் அது பூப்படைதலோடு தொடர்புள்ள விஷயம் அல்ல.

பெண் குழந்தைகள் முன்னைவிடச் சீக்கிரம் பூப்படைவது உலகெங்கும் நடப்பது. நல்ல ஊட்டமும், குறிப்பாக உடலில் சேரும் கொழுப்பும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், பருவமடையலாம் என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. பிளாஸ்டிக்கை இளக்கமாக்கும் தாலேட், கெட்டி பிளாஸ்டிக்கிலுள்ள பிஸ்பினால் ஏ போன்ற ஹார்மோன் குழப்பிகளுக்கும் பங்கிருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க சாம்பாரைப் பாலிதீன் கவரில் கட்டி வாங்கும் பழக்கத்தை இந்தச் சாக்கிலாவது விடலாம். வீட்டில் யாராவது ஈஸ்ட்ரோஜன் கிரீமோ டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லோ தடவுகிறார்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அவர்கள் தோலிலிருந்து குழந்தைக்கு ஒட்டிக்கொள்வதுண்டு.

எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் அது முன்கூட்டிய பருவமடைதல். முதல் மாதவிடாய் அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து வரும் என்பதால், உங்கள் மகளுக்கு மாற்றங்கள் ஏழு வயதுக்கு முன்பின்னாகவே தொடங்கியிருக்கலாம். சடங்குக்கு நாள் குறிப்பதற்கு முன் குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணரிடம் நாள் வாங்குங்கள். இடது கை எக்ஸ்ரே எலும்பின் வயதைக் காட்டும். தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளும், தேவைப்பட்டால் மூளை ஸ்கேனும் எடுப்பார்கள். எலும்பு சீக்கிரம் மூடிக்கொண்டால் உயரம் நின்றுவிடும். தகுந்தவர்களுக்குப் பருவமடைதலைத் தள்ளிப்போட ஊசி மருந்து உண்டு.

கேள்வி: ஓசூரில் ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சியாளர் சொல்லி எட்டு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு திருமணம். ஆண் ஹார்மோன்தானே, ஆண்மைக்கு நல்லதுதானே?

பதில்: நேர்மாறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விதைக்குக் கட்டளையிடும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் மூளை நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருக்க, விந்தணு உருவாக வேண்டிய விதைக்குள் அது வற்றிப்போகிறது. இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு முற்றிலும் மறைந்தது. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மீள்கிறது, சிலருக்கு ஓராண்டைத் தாண்டுகிறது. உங்களுக்கு இருக்கும் அவகாசம் அதிகமில்லை. திடீரென நிறுத்தினால் சோர்வும் மனத்தளர்வும் வரக்கூடும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். விதையை மீண்டும் தூண்டும் மருந்துகளை அவர் தீர்மானிப்பார். போட்ட மருந்துகளின் பெயர்களை மறைக்காமல் சொல்லுங்கள், குப்பி இருந்தால் கொண்டுபோங்கள்.

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தை தரிக்காததற்கு அது காரணமா? காய்ச்சிக் குடித்தால் போதுமா?

பதில்: காய்ச்சுவதால் ஃபுளோரைடு குறையாது, நீர் ஆவியாகிப் போவதால் சற்றுக் கூடவே செய்யும். பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்து ஃபுளோரைடு என்கிறார்கள், அது தண்ணீரின் கடினத்தன்மை. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, சோதித்தால்தான் தெரியும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை. இதைத் தாண்டிப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லும் எலும்பும் கெடும் என்பது உறுதி. கருவளத்தைப் பொறுத்தவரை, பெரும் அளவு கொடுத்த விலங்குகளில் பாதிப்பு தெரிந்திருக்கிறது. மனிதர்களில் சான்று அவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே குழந்தை தரிக்காததற்கு மற்றக் காரணங்களை முதலில் தேடுங்கள்.

கர்ப்பம் தரித்த பிறகு கதை வேறு. ஃபுளோரைடு நஞ்சுக்கொடியைக் கடக்கும். சிறுநீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்த கர்ப்பிணிகளின் குடிநீரையும் உணவையும் மாற்றியபோது இரத்தசோகை குறைந்து, பிறந்த குழந்தைகளின் எடை கூடியதாக 2010இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்று காட்டியது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்களிடம் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் இரு மாவட்டங்களுக்கும் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நீக்கும், சாதாரணக் கேண்டில் ஃபில்டர் நீக்காது.

கேள்வி: காவேரிப்பட்டணம். மாம்பழ சீசன். கர்ப்பிணி சாப்பிடலாமா? கார்பைட் கல் பயமாக இருக்கிறது.

பதில்: சாப்பிடலாம், சர்க்கரை நோய் இல்லாவிட்டால். கார்பைட் கல்லால் பழுக்க வைப்பது தடைசெய்யப்பட்டது, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடுகள் இருக்கும். அனுமதிக்கப்பட்ட எத்திலீன் வாயு அறையில் பழுத்ததால் கெடுதல் இல்லை. மரத்துக்குச் சொந்தக்காரரைத் தெரிந்த ஊர் உங்களுடையது. காயாக வாங்கி வைக்கோலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாரியம்மன் பண்டிகைக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட ஆண்டுதோறும் மாத்திரை சாப்பிடுகிறேன். கருப்பை கெட்டுவிடுமா?

பதில்: சில நாட்கள் சாப்பிடும் நோரெத்திஸ்டிரோன் கருப்பையைக் கெடுக்காது, நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் மாதவிடாய் வந்துவிடும். எனக்குக் கவலை அது மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைப்பதுதான். இரத்தக் கட்டி வந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. நாள் தள்ளிப்போயிருக்கும்போது கர்ப்பமில்லை என்று உறுதி செய்யாமல் சாப்பிடவும் கூடாது. 1950களில் கருச்சிதைவைத் தடுக்கவென்று இந்த வகை மருந்தை அதிக அளவில் வாரக்கணக்கில் கொடுத்தபோது, சில பெண் குழந்தைகள் ஆண்தன்மை கலந்த பிறப்புறுப்போடு பிறந்தன. பண்டிகைக்குச் சாப்பிடும் அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது; ஆனாலும் முன்கூட்டியே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வதில் சிரமமில்லை.

கேள்வி: இரண்டு பெண் குழந்தைகள். இப்போது ஒன்றரை மாதம். ஆண் குழந்தை பிறக்க ஒருவர் தரும் பொடியை மாமியார் கொடுக்கிறார். நாட்டு மருந்துதானே என்று சாப்பிட்டுவிட்டேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

பதில்: குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு தரித்த கணத்திலேயே, கணவரின் விந்தணு எக்ஸ் தாங்கியதா ஒய் தாங்கியதா என்பதால் முடிந்துவிட்டது. ஒன்றரை மாதத்தில் எந்தப் பொடியும் அதை மாற்றாது. மாற்றாது என்பதோடு நிற்பதில்லை. இப்படிப்பட்ட மருந்துகள் பரவலாக விற்கும் ஹரியானாவில் நடந்த ஆய்வுகள், அவற்றைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளும் இறந்தே பிறக்கும் குழந்தைகளும் கூடுதலாகப் பிறப்பதைக் காட்டின. மாதிரிகளைச் சோதித்தபோது ஹார்மோன் போல வேலை செய்யும் பொருட்கள் இருந்தன. உறுப்புகள் உருவாகும் வாரங்களில்தான் இந்தப் பொடியும் கொடுக்கப்படுகிறது.

இன்றே நிறுத்துங்கள். மீதியைக் கொட்டிவிடாமல் பொட்டலத்தோடு மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோய், எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். சாப்பிட்டதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் உறுப்பு வளர்ச்சி ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். முடிந்தால் அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்து வாருங்கள்; இதை நீங்கள் வீட்டில் சொல்வதைவிட மருத்துவர் அவரிடம் நேரில் சொல்வது எளிது.