கத்துக்குட்டி டைவர் கலாபகஸ் போகலாமா?

ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகளில் ஸ்கூபா டைவிங் பற்றி ஒரு கட்டுக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். அந்தக் கடலில் இறங்கியவள், பிறருக்கு டைவிங் கற்றுத்தருகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

கேள்வி: ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை டைவிங் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை 9 டைவ். டார்வின், வுல்ஃப் தீவுகளுக்குப் போகும் படகில் தள்ளுபடியில் ஓர் இடம் இருக்கிறதாம். பிடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. தள்ளுபடி அடுத்த வருடமும் வரும்.

அந்த இரண்டு தீவுகளிலும் ஆள் குடியிருப்பே கிடையாது. விமான நிலையம் இருக்கும் பால்ட்ராவிலிருந்து வுல்ஃப் 250 கி.மீ.க்கு மேல். அங்கிருந்து டார்வின் இன்னும் 38 கி.மீ. படகு இரவு முழுக்க ஓடித்தான் போய்ச் சேரும். உங்களுக்கு ஏதாவது ஆனால் அதே தூரம் திரும்பி வர வேண்டும்.

டைவ் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். பாங்கா என்கிற ரப்பர் படகிலிருந்து எல்லோரும் ஒரே சமயத்தில் பின்பக்கமாகச் சாய்ந்து விழ வேண்டும். மிதவை ஜாக்கெட்டில் காற்றே இருக்கக் கூடாது. மேலே மிதந்தபடி மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருந்தால் நீரோட்டம் உங்களைப் பாறை தாண்டி இழுத்துப் போய்விடும். நேரே 15, 20 மீட்டர் இறங்கி, பாறைத் திட்டில் ஒரு பிடி தேடி உட்கார வேண்டும். பாறை முழுக்கக் கொட்டலசு என்கிற கூரான ஓட்டுயிர் ஒட்டியிருக்கும், அதற்குத்தான் கையுறை. கை வைக்கும் முன் இடுக்கைப் பாருங்கள், மோரே விலாங்கு குடியிருக்கும். அப்புறம் காத்திருப்பு. தலைக்கு மேலே கொம்பன் சுறாக்கள் (சுத்தியல் மாதிரித் தலை உள்ளவை) கூட்டமாகப் போகும். திமிங்கிலச் சுறா வந்தால் வழிகாட்டி ஒலி எழுப்புவார், உடனே பிடியை விட்டுவிட்டு வெட்டவெளிக் கடலுக்குள் கால்துடுப்பை அடித்து நீந்த வேண்டும். அங்கே கீழே தரை தெரியாது, பக்கத்தில் பாறையும் இருக்காது, ஆழத்தைச் சொல்ல உங்கள் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் மட்டும்தான். அப்படியே மிதந்து ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, மேலே வந்ததும் ஆரஞ்சு மிதவைக் குழாயை ஊதி நிமிர்த்த வேண்டும். அலைகளுக்கு நடுவே பாங்கா ஓட்டுபவர் கண்ணில் படுவது அந்தக் குழாய்தான். உங்கள் தலை தெரியாது.

இதெல்லாம் யோசிக்காமல் கை தானாகச் செய்ய வேண்டிய வேலை. 9 டைவில் மிதப்பைச் சமாளிக்கவே உங்கள் கவனம் முழுதும் போய்விடும். பல படகுகள் குறைந்தது 50 டைவ் கேட்கின்றன. “சும்மா 50 என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் முகவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கலாபகஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாந்தா குரூஸ் தீவின் புவெர்ட்டோ அயோராவில் தங்கி, தினமும் போய்த் திரும்பும் படகில் டைவ் செய்யுங்கள். மொஸ்கேராவில் மணலிலிருந்து தோட்ட விலாங்குகள் தலைநீட்டி நிற்கும். நார்த் செய்மூரில் வெண்முனைச் சுறாக்கள் படுத்திருக்கும், கடல் சிங்கக் குட்டிகள் உங்கள் கால்துடுப்பைக் கடித்து விளையாடும். கார்டன் ராக்ஸை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதற்கு ‘வாஷிங் மெஷின்’ என்று பட்டப்பெயர், சும்மா வந்ததல்ல.

கேள்வி: பூமத்திய ரேகை மேலேயே இருக்கும் தீவுக்கு குளிர் தாங்கும் 7 மி.மீ. வெட்சூட்டும் தலைமூடியுமா? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை, நியாயமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தெற்கேயிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்நீரைக் கொண்டுவருகிறது. அதைவிடச் சுவாரஸ்யமானது குரோம்வெல் நீரோட்டம். மேற்பரப்பு நீர் காற்றோடு மேற்கே போய்க்கொண்டிருக்க, இது அடியில் எதிர்த்திசையில், பசிபிக்கின் குறுக்கே கிழக்கு நோக்கி வருகிறது. வழியில் எரிமலைத் தீவுகள் மறிக்கின்றன. பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் மேற்குச் சரிவில் மோதி, ஆழத்துக் குளிர்நீரும் சத்தும் மேலே எழுகின்றன. அந்தச் சத்தில் மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மீன் வரும், மீனைத் தின்னச் சுறா வரும். பூமத்திய ரேகையில் பென்குயின் வாழ்வதும், கடல் இகுவானா குளிர்நீரில் மூழ்கிப் பாசி மேய்வதும் இதனால்தான்.

மேற்குப் பக்கம் நீர் 16 டிகிரி வரை இறங்கும். ஒரே டைவில் இரண்டு மீட்டர் கீழே போனதும் சட்டென்று குளிர் அறையும். நீரும் பச்சையாக, கலங்கலாக இருக்கும். கண்ணாடி போன்ற நீர்தான் வேண்டும் என்றால் வேறு ஊர் பாருங்கள்.

எல் நினோ வருடங்களில் வெதுவெதுப்பான நீர் வந்து இந்த ஏற்பாட்டையே நிறுத்திவிடும். 1982–83இல் அங்கே பவளத்தின் பெரும்பகுதி செத்தது, பென்குயின்களில் முக்கால்வாசிக்கு மேல் அழிந்தன.

கேள்வி: எந்த மாதம் போவது?

திமிங்கிலச் சுறாதான் வேண்டும் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை. டார்வின் பக்கம் வருபவை பெரும்பாலும் வயிறு பருத்த பெரிய பெண் சுறாக்கள். எங்கே குட்டி போடுகின்றன என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் குளிரும் மேகமூட்டமும் அலையும் அதிகம். டிசம்பர் முதல் மே வரை நீர் கதகதப்பு, கடலும் கொஞ்சம் சாது. கொம்பன் சுறா இரண்டு பருவத்திலும் உண்டு. முதல் முறை போகிறவர்களை நான் மார்ச், ஏப்ரலில்தான் போகச் சொல்வேன்.

கேள்வி: அவ்வளவு சுறா என்கிறீர்கள். கடிக்காதா?

உங்களைக் கடிக்க அவற்றுக்கு ஆர்வமில்லை. கொம்பன் சுறாவுக்கு உங்கள் குமிழிச் சத்தம் பிடிக்காது, துரத்தினால் கூட்டமே கலைந்துவிடும். எனக்குக் கலக்கம் தருவது நீரோட்டம்தான். குமிழிகள் மேலே போகாமல் கீழே போவதைப் பார்த்தால் சுறாவை மறந்துவிட்டுப் பாறையைப் பிடியுங்கள்.

சுறாக்கள்தான் மனிதனைக் கண்டு பயப்பட வேண்டும். 2017 ஆகஸ்டில் கலாபகஸ் கடல் காப்பகத்துக்குள் பிடிபட்ட ஒரு சீனக் கப்பலில் சுமார் 300 டன் சரக்கு இருந்தது. அதில் ஆயிரக்கணக்கில் சுறா. காப்பகத்துக்குள் சுறா பிடிப்பது குற்றம். 2022 ஜனவரியில் ஈக்வடார் இன்னும் 60,000 சதுர கி.மீ. கடலை ‘எர்மன்தாத்’ காப்பகமாக அறிவித்தது. கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவை நோக்கிச் சுறாக்கள் போகும் வழி அது.

கேள்வி: டார்வின் தீவருகே கடலில் நின்ற பாறை வளைவுதான் விழுந்துவிட்டதே, இனி அங்கே என்ன இருக்கிறது?

2021 மே 17 அன்று மேல்பாகம் இடிந்தது. இப்போது இரண்டு தூண்கள் நிற்கின்றன. புகைப்படத்துக்கு நஷ்டம், டைவருக்கு நஷ்டமில்லை. சுறாக்கள் வளைவைப் பார்க்க வரவில்லை.

கேள்வி: வுல்ஃப் எரிமலை 2022இல் வெடித்ததே, அந்தத் தீவில் டைவ் செய்வது ஆபத்தில்லையா?

பெயர்க் குழப்பம். வெடித்தது இசபெலா தீவில் உள்ள வுல்ஃப் எரிமலை. டைவ் செய்யும் வுல்ஃப் தீவு வடக்கே தனியாகக் கிடக்கிறது. எரிமலை மூச்சைக் கடலுக்குள் பார்க்க ஆசை என்றால் ரோக்கா ரெடோன்டா இருக்கிறது. அங்கே அடித்தரையிலிருந்து குமிழிகள் சரம்சரமாக வரும். நீரோட்டமும் கடுமை, அனுபவசாலிகளுக்கு மட்டும்.

கேள்வி: கடைசி நாள் காலை டைவ், மதியம் மலைமேல் ராட்சத ஆமை, மறுநாள் காலை விமானம். சரியா?

சரியில்லை. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் பறக்கும் முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் 24 சொல்வேன். டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகிவிடலாம். ஆமை மேடு விமானம் இல்லைதான், ஆனாலும் அது உயரமே. புவெர்ட்டோ அயோராவிலிருந்து பால்ட்ரா பக்கம் போகும் சாலையே சுமார் 600 மீட்டர் ஏறி இறங்குகிறது. வடக்குத் துறையிலிருந்து கிளம்பும் டைவ் படகில் போனால் திரும்பும்போது இந்த மேடு குறுக்கே வரும், அன்றைய டைவை ஆழமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடார் தலைநகர் கீட்டோ வழியாக ஊர் திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று: அந்த நகரம் 2,850 மீட்டரில் இருக்கிறது. ஆமையைக் கடைசி நாளுக்கு வையுங்கள், டைவை அதற்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு சின்ன எரிமலைக்கல் எடுத்துவரலாமா?

கூடாது. சிப்பி, மணல் எதுவும் கூடாது.

கேள்வி: மொத்தம் எவ்வளவு ஆகும்?

அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவு, 2024 ஆகஸ்டிலிருந்து, 200 டாலர். முன்பு 100 இருந்தது. பயணக் கட்டுப்பாட்டு அட்டைக்கு 20. டார்வின், வுல்ஃப் போகும் படகுக்கு ஒரு வாரத்துக்கு 5,000 டாலருக்கு மேல். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான டைவ் காற்று), வெட்சூட் வாடகை, டிப்ஸ் இதில் சேருமா என்று முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். ஒரு நாள் படகில் இரண்டு டைவுக்குச் சுமார் 200 டாலர். டைவிங் விபத்தும் அவசர வெளியேற்றமும் அடங்கிய காப்பீடு தனி. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஆழத்துக்கு வரம்பு போட்டிருப்பார்கள், அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.