பாதுகாப்பு விசா மறுப்பு: நீதிமன்றத்தால் எதுவரை முடியும்?

கே: அவுஸ்திரேலியாவில் அகதியாகக் கேட்ட என் பாதுகாப்பு விசாவை, குடிவரவுத் திணைக்களத்தின் மறுப்பை மறுபரிசீலிக்கும் தீர்ப்பாயமும் மறுத்துவிட்டது. இப்போது ஊரிலிருந்து புதிய கடிதம் ஒன்று வந்திருக்கிறது. நீதிபதி பார்ப்பாரா?

ப: பெரும்பாலும் பார்க்க மாட்டார். திரும்பிப் போனால் உங்களுக்கு ஆபத்தா என்பது அவர் முன்னுள்ள கேள்வியே அல்ல. தீர்ப்பாயம் சட்டப்படி முடிவெடுத்ததா என்பதுதான் கேள்வி. நீங்கள் வென்றாலும் நீதிமன்றம் விசா தராது, வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பும். அந்தக் கடிதத்துக்கு அங்குதான் வேலை.

கே: விசாரித்து முடிவெடுத்த தீர்ப்பாய உறுப்பினர் என்னை நம்பவில்லை. இதை வைத்து வழக்குப் போட முடியாதா?

ப: அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். 'அதிகார வரம்புப் பிழை', அதாவது சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டும் அளவுக்கான சட்டப் பிழை, இருக்க வேண்டும். தீர்ப்பாய முடிவுகளை எதிர்த்து வழக்காட முடியாதபடி குடிவரவுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இத்தகைய பிழையுள்ள முடிவுகளை அது காப்பாற்றாது என்று 2003இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. நமக்குத் திறந்திருக்கும் கதவு அவ்வளவுதான்.

அண்ணன் இயக்கத்தில் இருந்ததால் தேடுகிறார்கள், படகில் வந்ததால் சிறையில் போடுவார்கள் என்று இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை மட்டும் ஆராய்ந்துவிட்டு இரண்டாவதைத் தொடாமலே விட்டிருந்தால் அது பிழை. இரண்டையும் ஆராய்ந்து 'நம்பவில்லை' என்று தகுந்த காரணத்தோடு எழுதியிருந்தால் நீதிபதி தலையிடுவது அரிது. பிழை இருந்தாலும், அது நேராதிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும்.

சிறை என்றதும் 2017ஆம் ஆண்டின் இலங்கையர் வழக்கு நினைவுக்கு வருகிறது. சட்டவிரோதமாக வெளியேறியவர்கள் திரும்பினால் மோசமான சிறையில் சில நாட்கள் அடைபடக்கூடும் என்பதைத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் துன்புறுத்தும் நோக்கம் அதிகாரிகளுக்கு இல்லை என்று கூறி மறுத்தது. உயர் நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை உறுதிசெய்தது. எனக்கு அது இன்றும் கசப்பான தீர்ப்புத்தான்.

கே: மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டார்.

ப: விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். எந்த நிமிடத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், அந்த இடத்தை வைத்து உறுப்பினர் எந்தப் பத்தியில் உங்களை நம்ப மறுத்தார் என்று குறித்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். பொதுவாகக் குறைகூறினால் எடுபடாது.

கே: முடிவு என் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. நீதிமன்றத்தில் மனுப் போட அன்றிலிருந்து 35 நாளா?

ப: இல்லை. முடிவின் தேதியிலிருந்து. பெடரல் சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நாள் கடந்திருந்தால், தாமதத்துக்கான காரணத்தோடு அவகாசத்தை எழுத்தில் கேட்கலாம். வழக்கில் வலு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அவகாசம் மறுக்கப்பட்டால் பெடரல் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது.

கே: பெயர் வெளியே வருமா? செலவு?

ப: தீர்ப்பில் பெயருக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான் இருக்கும். தோற்றால் எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சரின் வழக்குச் செலவையும் நீங்கள் கட்ட நேரலாம். அது ஆயிரக்கணக்கான டொலர். ஆகவே மனுப் போடும் முன்பே காரணங்களைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.