பிள்ளையின் அறைக்கான விளக்கு மூடி: பழுப்பு ஏறியதற்குக் காரணம் பல்ப்தான்

தங்கச்சி, பாடும் மீன் வரைந்து பிரிஸ்டல் போர்டில் செய்த விளக்கு மூடி இரண்டு கிழமையில் நெளிந்து, பல்ப் பக்கம் பழுப்பாகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கைவேலையில் பிழை இல்லை. 60 வாட் குண்டு பல்ப் எடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். அதோடு நீங்கள் இருக்கிற மட்டக்களப்புக் கல்லடியில் வாவி ஒரு பக்கம், கடல் மறுபக்கம். அந்த ஈரக்காற்றில் அட்டை எப்படி நிமிர்ந்து நிற்கும்?

முதலில் பல்பை மாற்றுங்கள். 5 வாட் எல்.ஈ.டி., மஞ்சள் வெளிச்சம், போதும். அட்டையை விட்டுவிட்டு மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணி வாங்குங்கள், வெளிர் நிறத்தில். கம்பி வளையத்தின் விட்டம் 25 செ.மீ. என்றால் சுற்றளவு 78.5, மடித்துத் தைக்க இரண்டரை சேர்த்து 81 செ.மீ. வெட்டுங்கள். துணியைத் தண்ணீரில் போட்டுக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். நான் அதைச் செய்யாமல் ஒன்றை வீணாக்கினேன்.

மீனை வெளியே ஒட்டாதீர்கள். கருநீலத் துணியில் வெட்டி உள்பக்கம் தையுங்கள். பகலில் மங்கலாகத்தான் தெரியும், விளக்கைப் போட்டதும் மீன்கள் தெளிவாக எழும்பி வரும். என் மகன் கைகாலை ஆட்டிச் சிரித்தது அதற்குத்தான்! கஞ்சிப் பசை மட்டும் வேண்டாம், பூச்சி வரும்.

அப்புறம், வயரும் விளக்கும் தொட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். தவழத் தொடங்கினால் இழுக்காமல் விடமாட்டார்கள்.